கலங்கல் தண்ணீர்

வணக்கம் அண்ணே,

எனக்குத் தேவிபட்டினம் பக்கம். வீட்டுக்காரர் வள்ளத்தில் வலைக்குப் போகிறவர். மூன்று மாதமாக அநேகமாகத் தினமும் ஒரே கனவு வருகிறது. கலங்கல் தண்ணீர் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வருகிறது, நெஞ்சு மட்டும் ஏறுகிறது, மூச்சு முட்டி எழுந்துவிடுகிறேன். மணி நாலு, நாலரை இருக்கும். நடுவில் ஒருநாள் மட்டும் தெளிந்த கிணறு வந்தது, அடியில் கிடந்த காசுகூடத் தெரிந்தது. விடியக்காலைக் கனவு பலிக்கும் என்கிறார் மாமியார். கலங்கிய நீர் என்றால் நோய், சாவு, தெளிந்த நீர் என்றால் பணவரவு என்று போனில் ஒருவர் சொல்கிறார். பரிகாரத்துக்கு ஒருவரிடம் மூவாயிரம் கொடுத்துவிட்டேன், இன்னும் ஏழாயிரம் கேட்கிறார். கனவுக்கு என்ன அர்த்தம் அண்ணே? அவரைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லட்டுமா? ராமேசுவரம் போய்த் தீர்த்தமாடினால் சரியாகுமா? பிரஷர் மாத்திரை மாற்றிக் கொடுத்ததிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த ஏழாயிரம். கொடுக்காதீர்கள். மூவாயிரம் போனது போகட்டும். வலை கிழிந்தால் நூல் வாங்க நாலு கடை ஏறி இறங்கி விலை பேசுகிற வீட்டில், முகம் தெரியாத ஒருவனுக்கு ஒரு பயத்துக்காக மூவாயிரத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். கோபம் வருகிறது. உங்கள் மேல் பாதி, அவன் மேல் பாதி.

மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்வதற்கு ஏடு உண்டு. கனா நூல் என்ற பழைய நூல் இரவை நாலு சாமமாகப் பிரித்து, முதல் சாமத்துக் கனவு 1 ஆண்டில், இரண்டாவது 8 மாதத்தில், மூன்றாவது 3 மாதத்தில், கடைசிச் சாமத்துக் கனவு 10 நாளில் பலிக்கும் என்கிறது. உங்களுக்கு மூன்று மாதமாக வருகிறது. அந்த ஏட்டுக் கணக்கிலேயே கெடு ஒன்பது முறை முடிந்துவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. இதை அவரிடமே சொல்லுங்கள். ஏட்டை மதிக்கிறவர்கள் ஏட்டுக் கணக்கையும் மதிப்பார்கள்.

விடியலில் ஏன் வருகிறது என்பதில் மாயம் எதுவும் இல்லை. கனவு மிகுந்த தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். முன்னிரவில் சில நிமிடத்தில் முடிந்துவிடும், விடியல் நெருங்க நெருங்க அரைமணிகூட நீளும். அதன் நடுவில் விழிப்பு தட்டினால்தான் கனவு நினைவில் நிற்கும். கடலுக்குப் போகிறவருக்கு மூணு மணிக்கு எழுந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி தலை சாய்க்கிற பெண்ணுக்கு விடியக்காலைக் கனவு நினைவில் நிற்காமல் வேறு யாருக்கு நிற்கும்?

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு எழுத உட்கார வைத்தது அந்தப் போன்காரரின் வாக்குத்தான். தெளிந்த நீர் நல்லது, கலங்கிய நீர் கெட்டது. பஞ்சாங்கத்தில் இது இருக்கிறது. கனவுக்குப் பலன் சொன்ன பழைய அரபு அறிஞர் இப்னு சீரீன் பெயரில் கீழக்கரைப் பக்கம் புழங்கும் கனவு விளக்கங்களிலும் இதே பேச்சுத்தான். ரொம்ப நாளாக எனக்கு இதன் மேல் கடுப்பு. ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு இது சரி. வாய்க்கால் தெளிந்து ஓடினால் குடிக்கலாம், கலங்கினால் மேலே வெள்ளம், பின்னால் வாந்திபேதி. அவன் தண்ணீரை வைத்து அவன் கனவுக்குப் பொருள் சொன்னான். அதை இராமநாதபுரத்துக் கரைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது யார்?

நம் பக்கத்து ஊருணியை நினைத்துப் பாருங்கள். கண்மாய்க்கு வரும் புதுத்தண்ணீர் டீ நிறம். ஊருணியில் ஒரு வாரம் நின்றாலும் அது தெளியாது. களிமண் துகள் அவ்வளவு நைசு, அதோடு ஒவ்வொரு துகளிலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். அதனால்தான் தேத்தாங்கொட்டை. மண்பானையின் உள்பக்கம், அடியில், சொரசொரப்பான இடத்தில் நாலைந்து இழுப்பு உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், காலையில் மண்டி கீழே இறங்கியிருக்கும். மேல்தண்ணீரை ஆடாமல் சாய்த்து எடுக்க வேண்டும். ஆட்டினால் மறுபடி எழும்பும். இனி உவர்க் கிணற்றைப் பாருங்கள். அதற்குக் கொட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உப்பு கலந்தவுடன் அந்தத் தள்ளுவிசை அடங்கிவிடும், துகள்கள் ஒட்டிக் கட்டியாகித் தாமாகவே கீழே போய்விடும். தண்ணீர் கண்ணாடிபோல நிற்கும், அடியில் ஊசி கிடந்தாலும் தெரியும். வாயில் வைத்தால் துப்ப வேண்டியதுதான். களிமண் பூமியில் குடிதண்ணீர் கலங்கலாக இருக்கும், குடிக்கத் தகாதது தெளிந்திருக்கும். உங்கள் கனவில் காசு தெரிந்ததே ஒரு கிணறு, அதற்குப் பணவரவு என்றாராம். எனக்கென்னவோ அது உப்புக் கிணறு என்றுதான் படுகிறது.

ராமேசுவரம் தீவிலும் தனுஷ்கோடி மணலிலும் தோண்டும் ஊற்று வேறு என்று யாராவது எழுதுவீர்கள். சரிதான். மணலில் களிமண் இல்லை, அங்கே தெளிவும் உண்டு, இனிப்பும் உண்டு. ஆனால் அந்த நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிற தண்ணீர். கடல்நீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூடியது. அந்தக் கணக்கில், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் போட்டு மேலே ஓரடி இறக்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். அதனால்தான் அங்கே சிரட்டையால் கோரி, ஊற விட்டு, மறுபடி கோருகிறார்கள்.

கடலுக்கு வந்தாலும் இதே கதை. தண்ணீர் தெளிந்து கிடந்தால் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். கலக்கு இருந்தால் மாட்டும், இறாலும் கிளம்பும். உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்ணையும் கேளுங்கள். அவளுக்குத் தெளிவு வேண்டும். கலங்கினால் மரிக்கொழுந்துப் பாசி எது, வெறும் கல் எது என்று தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சங்கு குளிக்கிறவருக்கும் அப்படியே. கடலும் இங்கே ஒன்றா? பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்கிறோம், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்கிறோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கே கொந்தளிக்கும், வடக்கே குளம்போலக் கிடக்கும். வாடை பிடித்தால் எல்லாம் தலைகீழ். கடல் கனவில் வந்தால் இன்ன பலன் என்கிறவர் எந்தக் கடல், எந்தக் காற்று என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். பிராய்டு தண்ணீர்க் கனவைப் பிள்ளைப்பேறோடு முடிச்சுப் போட்டார். அவரையும் இங்கே விட்டுவிடுவோம்.

தீர்த்தமாடலாமா என்றால், ஆடுங்கள். இருபத்திரண்டு கிணற்றிலும் ஆடிவிட்டு வாருங்கள், உடம்புக்குக் குளிர்ச்சி. கனவுக்குக் கழிப்பு என்று மட்டும் போகாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கெட்ட கனவு கண்டதைச் சொன்னபோது, தோழி தேவந்தி அவளைச் சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமனைத் தொழச் சொன்னாள். ‘பீடன்று’, அது பெருமையில்லை, என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள் கண்ணகி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 1958-இல் டிமென்ட், வோல்பர்ட் என்ற தூக்க ஆய்வாளர் இருவர், கனவுத் தூக்கத்தில் இருப்பவர்களின் தோலில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, சற்றுப் பொறுத்து எழுப்பிக் கேட்டார்கள். 42 சதவீதத் தடவை தண்ணீர் ஏதோ ஒரு வேஷத்தில் கனவுக்குள் நுழைந்திருந்தது. வெளிச்சம் காட்டியபோது 23, ஒலி எழுப்பியபோது 9. தோலில் படும் ஈரம் அவ்வளவு சுலபமாகக் கனவுக்குள் புகுந்துவிடும். ஆகவே படுக்கிற இடத்தைப் பாருங்கள். சன்னல் வழியாக ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறதா, தலையணை வியர்வையில் நனைகிறதா என்று பார்த்துத் தலைமாட்டை மாற்றிப் போடுங்கள். படுக்கும் முன் ஒன்றுக்குப் போய்விட்டுப் படுங்கள்.

மூச்சு முட்டுவதைத்தான் நான் சாதாரணமாக விட மாட்டேன். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் பத்து விநாடி மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறீர்களா என்று மாமியாரைக் கவனிக்கச் சொல்லுங்கள். காலையில் வாய் வறண்டு தலை கனத்தால் அதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கு மூழ்குகிற கனவு வருவதுண்டு.

கனவையே மாற்ற ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில் செய்யுங்கள், படுக்கையில் வேண்டாம். கனவை ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கதையை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள். கொல்லைக் கதவைத் திறக்கிறீர்கள், தண்ணீர் கணுக்கால் மட்டத்தில் வீட்டைக் கடந்து கழிக்குப் போய்விடுகிறது, தரையில் வண்டல் நிற்கிறது, விளக்குமாறால் தள்ளுகிறீர்கள். நான் சொன்னது ஒரு மாதிரிதான், உங்களுடையதை நீங்களே கட்டுங்கள். கண்ணை மூடிப் புதுக்கதையை மட்டும் தினம் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பழைய கதையைத் திரும்ப ஓட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, அதில் பயம் இன்னும் ஊறும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

வீட்டுக்காரர் கடலுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். போகட்டும். காற்று எந்த நாளில் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். மிதவைச் சட்டையைப் போடாமல் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் சுருட்டி வைக்கிற ஆளாக இருந்தால் அதற்குச் சண்டை போடுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து என்று. அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் தங்கச்சி. மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் வகை மாத்திரைகள் சிலருக்குத் துல்லியமான, பயங்கரமான கனவுகளைக் கொண்டுவரும். உங்களுடையது எது என்று எழுதவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போய், மாற்றிக் கொடுத்த டாக்டரிடமே காட்டி, எந்தத் தேதியில் கனவு தொடங்கியது என்று சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்த வகையைத் திடீரென்று விட்டால் பிரஷரும் படபடப்பும் எகிறும். இந்த வாரமே போங்கள்.