ஜாக் பண்ணினால் ஒரு மோட்டார் மட்டும் ஓடுகிறது

ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள்: பாலத்தை இரு பக்கமும் இரண்டு மோட்டார் இழுக்கும் உங்கள் சிஎன்சி மெஷினில், ஜாக் பண்ணினால் (பட்டனை அழுத்தி நகர்த்தினால்) ஒன்று மட்டும் ஓடுகிறது என்று. ஹோம் பண்ணாமல் (மெஷின் தன் தொடக்க இடத்தைச் சுவிட்சால் கண்டுபிடிக்காமல்) ஜாக் பண்ணுகிறீர்கள், அதனால்தான் ஒரு பக்க மோட்டார் மட்டும் ஓடிப் பாலம் கோணுகிறது. ஹோம் முடியும்வரை, மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி ஒவ்வொரு மோட்டாரையும் தனி ஜாயின்டாகவே (தனி அலகாகவே) நகர்த்தும். பிறகுதான் இரண்டும் ஒரே அச்சு.

ஐஎன்ஐ ஃபைலில் (லினக்ஸ்சிஎன்சியின் அமைப்புக் கோப்பு) அந்த இரண்டு ஜாயின்டுக்கும் ஹோம் சீக்வன்ஸ், அதாவது ஹோம் ஆகும் வரிசை எண், ஒரே எண்ணாக, மைனஸோடு (-1 போல) இருக்கிறதா பாருங்கள். மைனஸ் இல்லாவிட்டால் ஹோம் பண்ணும்போது கடைசி நகர்வில் இரண்டும் சேர்ந்து போகாது.

சரி, அதற்கு முன் கரண்டை நிறுத்திப் பாலத்தைக் கையால் நேராக்குங்கள். ஹட்டன் பனி ஈரமான மலையூர், அதனால் லிமிட் சுவிட்சையும் (ஹோம் ஆகப் பாலம் தொடும் சுவிட்ச்) கழற்றிப் பாருங்கள். பண்டாரவளையில் எங்கள் பட்டறையில் பனி ஈரத்தால் சுவிட்சின் செம்புக் காலில் பச்சை பூத்து, ஒரு பக்கம் ஹோமே ஆகவில்லை.

மோட்டார்கள் எதிரெதிரே ஓடினால் கோளாறு வேறு: ஐஎன்ஐ ஃபைலில் ஒரு ஜாயின்டின் ஸ்கேல் எண்ணுக்கு முன்னுள்ள பிளஸ்/மைனஸ் குறியை மாற்ற வேண்டும். முதல் ஓட்டம் மிக மெதுவாக, கை எமர்ஜென்சி பட்டன்மேல் இருக்கட்டும்.