அக்காவுக்கு வந்தால் தம்பிக்கு என்ன?

கேள்வி: என் அக்காவுக்கு 49 வயதில் மார்பகப் புற்றுநோய். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பிஆர்சிஏ-2 என்ற மரபணுவில் கோளாறாம். உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். நான் ஆண், எனக்கு எதற்கு? அந்த மரபணு எல்லோருக்கும் உண்டு என்றும் அவரே சொல்கிறார். எல்லோருக்கும் இருப்பதை என்னிடம் மட்டும் தேடுவானேன்? எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் கிடையாது. அப்பாவைப் பெற்ற பாட்டி மட்டும் தோட்டத்தில் வயிறு வீங்கி இறந்தார், செய்வினை என்பார்கள். என் மகளை அக்கா மகனுக்கே பேசி முடித்துவிட்டோம், தை மாதம் பரிசம். சொந்தத்துக்குள் என்பதால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நோயை அடக்கும் மரபணுவைத் தூண்டிவிடும் சாறு என்று நண்பர் ஒருவர் 380 ரிங்கிட்டுக்கு ஒரு பாட்டில் தருகிறார். அது போதாதா?
— பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையா? உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டும். அக்கா மகனுக்கும் சொல்ல வேண்டும். சொந்தத்துக்குள் என்பதால்தான் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அதற்கு வருகிறேன்.

டாக்டர் சொன்னது சரி. பிஆர்சிஏ-2 எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். அவர் உங்களிடம் தேடுவது மரபணுவை அல்ல, அதில் உள்ள பழுதை. அது செய்யும் வேலை இதுதான்: நம் செல்களில் டிஎன்ஏ இழைகள் அவ்வப்போது அறுந்துகொண்டே இருக்கின்றன. கதிர்வீச்சு பட்டால் அறுகிறது, செல் பிரியத் தயாராகும்போதும் அறுகிறது. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் ஆபத்து. அப்போது பிஆர்சிஏ-2 தரும் புரதம், ராட்-51 என்ற இன்னொரு புரதத்தைக் கையோடு கூட்டிப்போய் அறுந்த முனையில் உட்கார வைக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்ல நகலைப் பார்த்து, விட்டுப்போன எழுத்துகள் அப்படியே நிரப்பப்படுகின்றன. பழைய இதழில் ஒரு பக்கம் கிழிந்துபோனால் எங்கள் அலுவலகத்தில் இன்னொரு பிரதியைத் தேடியெடுத்து வரி வரியாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். ஏறக்குறைய அதே வேலை. அந்தப் புரதம் இல்லையென்றால் செல் முனைகளை எப்படியோ ஒட்டிவைக்கும், தப்பும் தவறுமாக. தவறுகள் சேரச் சேர, ஏதோ ஒரு செல் கட்டுப்பாட்டை மீறி வளர ஆரம்பிக்கும்.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இந்த மரபணு நமக்கு இரண்டு. அக்காவுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே பழுது. மிச்சமிருந்த ஒன்று இத்தனை வருடம் சமாளித்தது. மார்பகத்தில் ஒரு செல்லில் அதுவும் கெட்டபோது கதை மாறிவிட்டது. இரண்டும் போனால்தான் நோய் தொடங்குகிறது என்ற கணக்கை ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1971இல் சொன்னார். குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயை வைத்து அவர் போட்ட கணக்கு அது. அந்த விழித்திரைப் புற்றுக்கான மரபணு கையில் கிடைக்க இன்னும் பதினைந்து வருடம் ஆயிற்று. பிஆர்சிஏ-2 கிடைத்தது 1995இல்.

இப்போது உங்கள் விஷயம். இந்த மரபணு இருப்பது 13ஆவது குரோமோசோமில். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அக்காவுக்கு வந்த பழுது உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். உங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால், ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்: நூற்றுக்கு ஏழு பேர் அளவில். அதைவிடப் பெரிய கவலை புராஸ்டேட், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. இந்தப் பழுதோடு வரும் புராஸ்டேட் புற்று பெரும்பாலும் வேகமானது; அதனால் 40 வயதிலேயே பிஎஸ்ஏ ரத்தச் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். ஆக, நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

பாட்டியைப் பற்றி அரை வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். வயிறு வீங்கி இறந்தார் என்றால் கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சினைப்பையில் புற்றுக் கட்டி வந்திருக்கலாம். இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் மரபணு ஆலோசகர் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று உங்கள் குடும்பத்தைத் தாளில் வரையும்போது அந்த வட்டத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். பாட்டி, அப்பா, அக்கா என்று கோடு ஓர் ஆண் வழியாகவும் இறங்கலாம். "எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது" என்று சொல்லும் பல குடும்பங்களில் அப்பா பக்கத்தை யாரும் விசாரித்திருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் அந்தக் கல்யாணம். அக்கா மகனுக்குப் பழுது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு இருந்தால் மகளுக்கும் பாதி. இருவருக்கும் இருந்துவிட்டால், பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒன்று இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கலாம். அதற்கு ஃபான்கோனி ரத்தசோகை என்று பெயர். பெயரில் ரத்தசோகை என்றிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பிஆர்சிஏ-2 வழியாக வரும் வகை மிகக் கொடியது. எலும்பு மஜ்ஜை கெடும், ஐந்தாறு வயதுக்குள்ளேயே ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் வருகிற அளவுக்குப் போகும். ஜாதகக் கட்டத்தில் இது தெரியாது.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் ஒருவர் ரத்தம் கொடுத்தால் போதும், பாதிக் கதை முடிந்துவிடும். உங்களிடம் பழுது இல்லையென்றால் உங்கள் வழியாக மகளுக்கு அது போகவே முடியாது. (மனைவியும் சொந்தத்தில் எடுத்தவர் என்றால் அது தனிக் கணக்கு, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.) இருந்தால், மகள் தானே யோசித்துச் சோதித்துக்கொள்ளட்டும். அவளுக்கும் இருந்தால், 80 வயதுக்குள் மார்பகப் புற்று வர நூற்றுக்கு எழுபது அளவில் வாய்ப்பு, சினைப்பையில் நூற்றுக்குப் பதினேழு அளவில். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்தவளுக்கு 25 வயதிலிருந்தே வருடா வருடம் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வழி உண்டு. தெரியாதவள் கட்டி கையில் தட்டுப்படும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். மணமக்கள் இருவருக்குமே இருந்தாலும், சோதனைக்குழாய் முறையில் கருவைச் சோதித்து வைக்கும் வசதி இன்று இருக்கிறது.

அக்காவிடம் எந்த எழுத்து பழுது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் உங்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முழு மரபணுவையும் புரட்ட வேண்டியதில்லை. அக்காவின் அறிக்கை நகலை எடுத்துக்கொண்டு போங்கள். செந்தூலிலிருந்து கோலாலம்பூர் பொது மருத்துவமனை பக்கம்தான், அங்கே மரபியல் பிரிவு உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கேட்கலாம். புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுக்கும் எண்ணம் இருந்தால் சோதனைக்கு முன்பே ஆலோசகரிடம் அதையும் பேசிவிடுங்கள். அக்காவுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு: இந்தப் பழுது உள்ள கட்டிகளைக் குறிவைக்கும் ஒலாபாரிப் என்ற மாத்திரை 2014 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அவருக்கு ஒத்துவருமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த 380 ரிங்கிட் பாட்டில்: பிறவியில் விழுந்த எழுத்துப் பிழையை எந்தச் சாறும் திருத்தாது. வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.