எங்க மலைல மாகாளிக்கிழங்கு கொடி அழிஞ்சுட்டு வருது, மீட்டெடுக்க எத்தனை கன்னு நடணும்?

எத்தனை கன்னுன்னு கேட்டீங்க பாருங்க, சுருக்குன்னு இருந்துச்சு. 2016ல இதே கேள்விய நானும் கேட்டேன். முந்நூறுன்னு நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். அதுல இன்னிக்கு உசுரோட இருக்கறது ஒம்பது.

நீங்க எந்த மலைன்னு சொல்லல, ஆனா நிலைமை எனக்குப் புரியுது. வாட்ஸப்ல சேர்ந்த பத்துப் பேரு, கையில கொஞ்சம் வசூல் காசு, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்குள்ள ஏதாவது செஞ்சாகணும்னு ஒரு அவசரம், சரியா? இல்லன்னா மன்னிச்சுக்கோங்க, எங்க கதை அதுதான்.

மொதல்லயே சொல்லிடறேன், நான் தாவரவியல் படிச்சவன் இல்ல, ஜவ்வாது மலை அடிவாரத்துல ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். "நீ யாரு சொல்றதுக்கு"ன்னு கமெண்ட்ல வரப்போறவங்க அதை இப்பவே தெரிஞ்சுக்கலாம். இன்னொண்ணு, ஊறுகா போட்டுத் தின்னே இதை அழிச்சிட்டீங்கன்னு ஒரு கோஷ்டி வரும். ஆமா, எங்க வீட்லயும் போடுவோம். வருஷா வருஷம் கூடைக்காரம்மா கொண்டு வர்ற கிழங்கை எங்கம்மா அஞ்சாறு கிலோ வாங்கி, மண்ணு போகத் தேச்சுக் கழுவி, தோலு சீவி, நடு நரம்ப உருவிப் போட்டுட்டு, சின்னச் சின்னதா நறுக்கி மோர்ல கடுகும் மொளகாயும் அரைச்சுப் போட்டு ஜாடியில ஊற வெப்பாங்க. தெரியாதவங்க வீட்டுக்கு வந்தா என்னங்க மூட்டைப்பூச்சி நாத்தம்னு மூக்கைப் பொத்துவாங்க, எங்களுக்கு அதுதான் வாசனை. (அந்த வாசனை தர்ற பொருள் வெனிலாவோட வெனிலினுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, அதே அணுக்கள் வேற வரிசைல. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.) ஆனா வீட்டு ஜாடிக்குப் போறது கொசுறுதாங்க. நன்னாரி வேரு மெல்லிசு, தோண்டினா எடை நிக்காது, இது கொத்துக் கொத்தா கிழங்கு விடும், அதனால நன்னாரிக்குப் பதிலா சர்பத்துக்கும் மருந்துக்கும் இது டன் கணக்குல போகுது. ஆந்திராப் பக்கம் மாரேடு கொம்முன்னு சொல்லுவாங்க, சித்தூர் பக்கம் சர்பத்துன்னு குடிக்கறதுல நெறைய இதுதான்.

சரி நம்ம கதைக்கு வர்றேன். கன்னு ஒரு நர்சரில இருந்து வாங்கினோம். எங்க எடுத்த விதைன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. வேப்பங்கன்னு நடற மாதிரி அளவெடுத்து ஒன்றரை அடிக் குழி, சுத்தி இருந்த முள்ளுப் புதரையெல்லாம் வெட்டி சுத்தம் பண்ணி, வரிசையா குச்சி நட்டு, பாக்கறதுக்கு அவ்ளோ அழகா இருந்துச்சு. ஜூன் 5 விழா. பதினாலு காரு வந்துச்சு, மைக் செட்டு, பொன்னாடை, எல்லாரும் ஆளுக்கொரு கன்னு புடிச்சு போட்டோ. நானும் புடிச்சேன், இப்பவும் கடைச் சுவத்துல மாட்டியிருக்கு, எடுக்க மனசு வரல. அதுக்கப்புறம் மூணு வாரம் பொட்டு மழை இல்ல. தண்ணி ஊத்தறதுக்கு வந்தது நானும் கடைப் பையனும்தான். ஆடு கொஞ்சம் மேஞ்சுது, வெயில்ல கொஞ்சம் கருகுச்சு, ஆடி மழை வர்றதுக்குள்ள பாதிக்கு மேல காலி, அடுத்த கோடையில மிச்சமும் போச்சு.

அந்த ஒம்பது எப்படித் தப்பிச்சுதுன்னு கேளுங்க. குழி பத்தாம கொஞ்சம் கன்னு மிஞ்சிடுச்சு. கூலிக்கு வந்திருந்த ஒரு அம்மா, திருப்பித் தூக்கிட்டுப் போக சோம்பல்பட்டு, பாறை இடுக்குல காரைப் புதர் ஓரமா சும்மா செருகிட்டுப் போயிருக்காங்க. பொழச்சது அத்தனையும் அந்தம்மா செருகினது. நாங்க அளவெடுத்து நட்டதுல ஒண்ணு கூட இல்ல.

இதை மலைல எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட போய் சொன்னேன். அவரு சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "அது கொடி சார், மரமா? ஏறதுக்குப் பொதரு வேணும், வேரு குளிர்ச்சியா இருக்கக் கல்லு வேணும், நீங்க ரெண்டையும் எடுத்துட்டீங்க"ன்னார். அப்புறம் அவரே சொன்னது, அவங்க அப்பா காலத்துல கொடியோட தாய்வேரைத் தொட மாட்டாங்களாம், பக்கத்துல ஓடற கிழங்கை மட்டும் ரெண்டு மூணு எடுத்துட்டு மண்ணை மூடிடுவாங்களாம். அடுத்து அந்த எடத்துக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். இப்ப நாம விட்டா சாயங்காலம் இன்னொருத்தன் எடுத்துடுவான்னு மொத்தமா கடப்பாறை போட்டு நெம்பிடறாங்க. தோண்டறவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனமில்ல, அவங்களுக்குக் கிலோவுக்குக் கிடைக்கறது ரொம்பக் கொஞ்சம். அது கீழ வந்து என்ன விலை ஆகுதுன்னு வாங்கித் தின்ன எனக்குத் தெரியும்.

அதனால நான் சொல்றது இவ்ளோதான், கன்னு எண்ணிக்கையை இப்போதைக்கு விடுங்க, மலைல என்ன மிச்சமிருக்குன்னு எண்ணுங்க. நாங்க 2019ல ரெண்டாவது தடவை ஆரம்பிச்சப்ப நாலு ஞாயித்துக்கிழமை அந்தப் பெரியவர் கூட ஒரே ஒரு சரிவை மட்டும் நடந்து பாத்தோம். நாப்பத்தியொரு கொடி. அதுல காய் இருந்தது ஆறுல. நோட்டுல ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு எழுதினோம், எந்தப் பாறை, எவ்ளோ தடிமன், தோண்டின தடம் இருக்கா இல்லையான்னு. அப்பதான் தெரிஞ்சுது, பாதைக்குப் பக்கத்துல இருக்கறதெல்லாம் பொடிக் கொடி, காய்க்கற வயசுக்கு வர விடவே இல்ல. விதை விழாத எடத்துல நாம எவ்ளோ கன்னு கொண்டு வந்து நட்டாலும் அது தொட்டில தண்ணி ஊத்தி அடில ஓட்டையை விட்ட கதைதான்.

விதைக்கு வருவோம். காய் ஜோடி ஜோடியா கொம்பு மாதிரி இருக்கும், முத்தி வெடிச்சா எருக்கம் விதை மாதிரி பஞ்சோட பறந்துடும். வெடிக்கறதுக்கு முன்னாடி பழைய கொசுவலைத் துணில பை தெச்சு காயைச் சுத்திக் கட்டிடணும். எடுத்த விதையை டப்பால போட்டு அடுத்த வருஷத்துக்குன்னு வெக்காதீங்க, முளைப்பு சீக்கிரம் போயிடும், அந்த சீசன்லயே போடணும். ஒரு கொடில நெறைய காய் இருக்குன்னு அதுலயே மொத்தத்தையும் எடுக்காதீங்க, எத்தனை தாய்க்கொடி கிடைக்குதோ அத்தனைலயும் கொஞ்சம் கொஞ்சம். மைசூர்ல இருக்கற சிஎஃப்டிஆர்ஐ உணவு ஆராய்ச்சி நிலையத்துல திசு வளர்ப்புல, அதாவது ஒரு செடியோட சின்னத் துண்டுல இருந்தே நெறைய நகல் எடுத்து, இதை வளக்கற முறையெல்லாம் கண்டுபிடிச்சிருக்காங்க, வயல்ல பயிரா போட்டு விக்கறதுக்கு அருமையான விஷயம். ஆனா காட்டுக்குள்ள ஒரே கொடியோட நகலையே ஆயிரம் நட்டா ஒரு நோய்க்கு ஆயிரமும் சேர்ந்து படுத்துடும்.

காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு குழி கூட வெட்டாதீங்க, நல்லதுக்குத்தானேன்னு வாதாடாதீங்க. 1993லயே பெங்களூர்ல மூலிகைப் பாதுகாப்புக்குன்னு இருக்கற எஃப்.ஆர்.எல்.எச்.டி. அமைப்பும் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா வனத்துறைகளும் சேர்ந்து மூலிகைக்குன்னே தனித்தனிக் காட்டுப் பகுதிகளை ஒதுக்க ஆரம்பிச்சாங்க, இருக்கற எடத்துலயே செடியை அதும்பாட்டுக்கு வளர விடறதுதான் யோசனை. உங்க பக்கத்துல அப்படி ஏதாவது இருக்கான்னு மொதல்ல விசாரிங்க. பஞ்சாயத்துல ஊர்ச் செடி கொடி, உசுருங்களைப் பாத்துக்கறதுக்குப் பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், பேப்பர்லயாவது இருக்கும்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லாம இருக்க முடியல, சம்பந்தமில்லன்னா தாண்டிப் போயிடுங்க. என் பொண்ணு ஏழாவது படிக்கறப்ப நம்ம ஊர் அரிய தாவரம்னு ப்ராஜெக்ட். அவ மாகாளிக் கொடியை நேர்ல பாத்து, இலையை ஒட்டி, கிழங்கைக் கையால வரைஞ்சு எடுத்துட்டுப் போனா. பத்துக்கு நாலு மார்க். காரணம் கேட்டா படம் கலர் பிரிண்ட் இல்லையாம், புக்குல இருக்கற செடியும் இல்லையாம். பிரவுசிங் சென்டர்ல அறுபது ரூபா குடுத்து எவனோ எறக்கின பக்கத்தை அப்படியே ஒட்டின புள்ளைக்கு ஒம்பது. நாலு வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் ஆறல. அவளே மறந்துட்டா.

விட்ட எடத்துக்கு வர்றேன். ரெண்டாவது தடவை நாங்க நட்டது எண்பதுதான். காட்டுல ஒண்ணு கூட நடல. மலைல நாலு குடும்பம் ஒத்துக்கிட்டாங்க, அவங்க சொந்தப் பட்டா நிலத்து வரப்போரத்துல, கல்லுக் குவியல் பக்கத்துல, இருக்கற புதரை வெட்டாம, ஆடி மழை நல்லா ஊறினப்புறம். விழா கிடையாது, போட்டோ கிடையாது, அதனாலயே குரூப்ல ஆறு பேர் கழண்டுக்கிட்டாங்க. கிழங்கு எடுக்கற நாளைக்குப் பக்கக் கிழங்கு மட்டும்தான், நாங்களே நேரா வாங்கிக்குவோம், கூடை விலையை விட ரெண்டு மடங்கு. இதுவும் ஒரு வியாபாரம்தானேன்னு ஒருத்தர் கேட்டார். ஆமாங்க வியாபாரம்தான். சொந்தக் கொல்லைல காசு கெடைச்சா எதுக்குப் பாறை மேல ஏறி வனத்துறைக்குப் பயந்துகிட்டு தோண்டணும்? காட்டுல இருக்கற நாப்பத்தியொண்ணைத் தொடாம விட்டாலே எங்களுக்குப் போதும்.

எண்பதுல ஐம்பத்திமூணு நிக்குது. பெருசா ஜெயிச்சுட்டோம்னு சொல்ல வரல, ஒரு நல்ல கோடைத் தீ போதும். சரிவுல திருப்பி எண்ணினப்ப நாப்பத்தியொண்ணு முப்பத்தெட்டா இருந்துச்சு, மூணை யாரோ நெம்பிட்டாங்க, ஆனா பாதையோரப் பொடிக் கொடில ரெண்டு இப்ப காய்க்குது.

அம்மா நாலு வருஷமா கூடைக்காரம்மாகிட்ட வாங்கல. பழைய ஜாடில அடில கொஞ்சம் கெடக்கு, தயிர் சாதத்துக்கு ஆளுக்கொரு துண்டு, அதுவும் வெள்ளிக்கெழமை மட்டும். வரப்புல நட்டது எப்படா எடுக்கலாம்னு மாசாமாசம் கேக்கறாங்க, அடுத்த தையிலன்னு சொல்லி வெச்சிருக்கேன். போன தையிலயும் அதையேதான் சொன்னேன்.