தகவலைப் பகிர்ந்தால் மும்பையில் ஏழைகளுக்கு வீடு எளிதாகுமா?

கேள்வி: மும்பை வட்டாரத்தில் மாநில வீட்டுவசதி வாரியமான ம்ஹாடா, நவி மும்பையை உருவாக்கிய சிட்கோ, குடிசைப் பகுதிகளை மறுசீரமைக்கும் எஸ்.ஆர்.ஏ. எனப் பல அரசு அமைப்புகள் இருக்கின்றன. இவை தகவலைப் பகிர்ந்துகொண்டால் தாராவிக் குடும்பங்களுக்கு என்ன பயன்?

பெரிய பயன் உண்டு. எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் இலவச வீடு கிடைக்க, 1-1-2000க்கு முன்பிருந்தே குடிசை இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். தாராவியில் இருக்கும் நம் தமிழ் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். தமிழ்ப் பெயருக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, மராத்தி வாக்காளர் பட்டியலில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்தக் குடும்பமே அலைய வேண்டும். பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன், மின் இணைப்புப் பதிவுகளை அலுவலகங்களே ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த அலைச்சல் வெகுவாகக் குறையும்.

அப்புறம் இடம். எந்த ஊரில் வீடு காலியாக இருக்கிறது, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் ஒரே வரைபடத்தில் தெரிய வேண்டும். வேலையிலிருந்து வெகுதூரத்தில் கொடுத்த வீட்டில் பலர் நிலைக்க மாட்டார்கள்.

ஆனால் கணக்கெடுப்பில் மக்களும் இருக்க வேண்டும். கோலார் தங்கவயலிலிருந்து மும்பை வந்த குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதம் இதைத்தான் வலியுறுத்தினார். அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு தெருத்தெருவாகத் தானே வீடுகளை எண்ணியது. அப்படி எடுத்த பட்டியலை அந்தத் தெருவிலேயே படித்துக் காட்டினால், விடுபட்ட பெயர் அன்றைக்கே தெரிந்துவிடும். வெளியே பகிரும்போது மட்டும் பெயரையும் ஆதார் எண்ணையும் நீக்கிவிட வேண்டும்.