பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பினால் படிப்புக் கெடுமா?

கேள்வி: என் மகள் தரம் 8இல் படிக்கிறாள். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு அவளைப் பாடசாலையில் தெரிவுசெய்து, ஆசிரியர் எழுதிய ஒரு பேச்சை மனனம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்திகையால் கணித பாடமும் மாலை ரியூசனும் தவறுகின்றன. மேடைக்குப் பயப்படுகிறாள், ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. இத்தகைய போட்டிகளால் பிள்ளைக்கு உண்மையில் பயன் உண்டா?

அனுப்புங்கள். ஆனால், அந்தப் பேச்சை எழுத்துக்கு எழுத்து மனனம் செய்ய விடாதீர்கள். முதல் வாக்கியத்தைப் பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். இரண்டாவதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகளைப் போட்டிகளுக்குப் பழக்கியும் இருக்கிறேன், கோட்ட மட்டத்திலும் அதற்கு மேலான வலய மட்டத்திலும் நடுவராக அமர்ந்தும் இருக்கிறேன். ஆனாலும் இந்த விடயத்தில் என் முதல் தகுதி, 1999இல் தரம் 9 மாணவனாக ஒரு மேடையில் வாயடைத்து நின்றதுதான்.

அந்த ஆண்டு எனக்குத் தரப்பட்ட தலைப்பு வாசிப்பின் பயன். என் ஆசிரியர் ஒருவர் இரவிரவாக இருந்து நான்கு பக்கப் பேச்சொன்றை எழுதித் தந்தார். அதில் இரண்டு குறட்பாக்களும், யாரென்றே எனக்குத் தெரியாத மேல்நாட்டு அறிஞர் ஒருவரின் பொன்மொழியும், கை எந்த இடத்தில் உயரவேண்டும் என்பதற்குச் சிவப்பு மையில் கோடுகளும் இருந்தன. மூன்று கிழமைகளில் அதைத் தண்ணீர்பட்ட பாடாக ஆக்கிக்கொண்டேன். கிணற்றடியில் குளிக்கும்போதுகூட வாய் தானாக அதைச் சொல்லும். கோட்டத்தில் முதலிடம் கிடைத்தது. வலயப் போட்டி நடந்த மண்டபத்தில் மின்சாரம் இல்லை. வெளியே மாமரத்தடியில் ஒரு மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருந்தது. நான் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தபோது அது இருமுறை விக்கி நின்றுவிட்டது. ஒலிவாங்கி செத்தது. நானும் நிறுத்தினேன். யாரோ ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து அதை மீண்டும் முடுக்கினார்கள். நடுவர்களில் வயதானவர் கனிவாக, "தம்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லும்" என்றார்.

எனக்கு விட்ட இடம் தெரியவில்லை. வாயைத் திறந்தபோது "மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, அவையோரே" என்றுதான் வந்தது. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மறுபடி முயன்றேன்; மறுபடியும் மதிப்புக்குரிய நடுவர் அவர்களேதான். அந்தப் பேச்சு எனக்குள் ஒரு கயிறாகக் கிடந்தது. அதை நுனியிலிருந்து மட்டுமே இழுக்க முடிந்தது. அந்தப் பெரியவர் கையமர்த்திச் சிரிப்பை அடக்கிவிட்டு, "பரவாயில்லை, நீர் கடைசியாக வாசித்த புத்தகத்தைப் பற்றி இரண்டு வசனம் சொல்லும்" என்றார். அப்போது என் தலையணைக்குக் கீழே அட்டை கிழிந்த துப்பறியும் நாவல் ஒன்று இருந்தது. குப்பி விளக்கில் முக்கால்வாசி வாசித்து முடித்திருந்தேன், கொலைகாரன் யாரென்று அறியாமல் தவித்துக்கொண்டும் இருந்தேன். வாசிப்பின் பயனைப் பற்றி அன்று அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவன் இருந்திருக்க மாட்டான். ஆனால் நாலு பக்கப் பிரதியில் அந்த நாவல் இல்லை. ஆகவே, அதை மேடையில் சொல்லலாம் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன்.

என் ஆசிரியரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் எழுதித் தந்தது நல்ல பேச்சு; எழுதியவருக்கே பரிசு கொடுத்திருக்கலாம். எங்கள் ஊரில் பேச்சு என்றால் ஒரு மயக்கம் உண்டு. ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார்; மிசன் பாடசாலையில் படித்த காலத்தில் அவர் கண்ட கிறிஸ்தவப் பிரசங்க முறையே அங்கே சைவக் கோலம் பூண்டு கோயிலுக்குள் வந்தது. அன்றுமுதல் கோயில் திருவிழா, பட்டிமன்றம், பரிசளிப்பு விழா என்று எங்கு பார்த்தாலும் பேச்சுத்தான். அந்தப் பெரியவர்களின் குரலையும் கையசைவையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேல் சட்டைபோல மாட்டிவிடுகிறோம். சட்டை தொளதொளவென்று தொங்குவது மேடைக்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் தெரிகிறது, மாட்டியவரைத் தவிர.

நடுவர் மேசையில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருமுறை மூன்று பாடசாலைப் பிள்ளைகள் அடுத்தடுத்து வந்து ஒரே உவமையுடன் பேச்சைத் தொடங்கினார்கள். ஒரே பிரதி மூன்று கைகளுக்குப் போயிருக்கிறது. பாவம், பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. மூன்றாவது பிள்ளை வாய் திறந்ததும் பக்கத்து நடுவர் பேனையை மூடி வைத்துவிட்டார். உள்ளடக்கம், மொழிநடை, உச்சரிப்பு, குரல், அவைக்கு முகங்கொடுக்கும் விதம் என்று புள்ளிகளைப் பிரித்துப் போடுகிறோம் என்பது உண்மை. ஆனாலும், ஒரு பிள்ளை தான் சொல்வதைத் தானே நம்பிச் சொல்கிறாளா என்பது முதல் அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அப்படியிருந்தும் மனனப் பேச்சுக்குப் பரிசு கிடைப்பதுண்டு, அடிக்கடியே கிடைக்கிறது. என் கோட்ட மட்டப் பரிசும் அப்படி வந்ததுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஆசிரியரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அவர் தந்த பிரதியை மகள் ஒருமுறை, இருமுறை வாசிக்கட்டும். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, அதே தலைப்பைப் பற்றி அம்மம்மாவுக்குச் சொல்வதுபோல ஐந்து நிமிடம் பேசச் சொல்லி உங்கள் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். முதலில் இரண்டு நிமிடத்திலேயே நின்றுவிடுவாள். அதுபற்றிக் கவலை வேண்டாம். பதிவை அவளே கேட்டு, தான் சொன்னவற்றில் உருப்படியானவற்றை ஒரு கொப்பியில் எழுதட்டும். அங்கே அவளுடைய வீடு, அவளுடைய வகுப்பு, அவள் கண்ட ஒரு காட்சி என்று ஏதாவது கட்டாயம் வந்திருக்கும். பிரதியில் இருக்கும் நல்ல மேற்கோளையும் தொடரையும் அதற்குள் கொண்டுவந்து சேர்க்கலாம். ஆனால் பொருள் விளங்காத ஒரு சொல்கூட அதில் இருக்கக்கூடாது. நான் பழக்கும் பிள்ளைகளிடம், எழுதிய பேச்சை ஐந்து துண்டுகளாகப் பிரித்து, ஒருநாள் மூன்றாவதிலிருந்தும் இன்னொருநாள் கடைசித் துண்டிலிருந்தும் தொடங்கிச் சொல்லச் சொல்வேன். நடுவில் வேண்டுமென்றே பெயரைக் கூப்பிட்டுக் குழப்புவதும் உண்டு. முதலில் கோபப்படுவார்கள், பிறகு அதையே விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். மின்பிறப்பாக்கி நின்றாலும் இவர்களுக்கு விட்ட இடம் தெரியும்.

இவ்வாறு தயாரித்த பேச்சு ஆசிரியரின் பிரதியைவிட எளிமையாகத்தான் இருக்கும். அதனால் கோட்ட மட்டத்திலேயே தோற்கவும் கூடும். அதற்கு நீங்கள் தயாராக இல்லையென்றால் பழைய வழியிலேயே போகலாம்; ஆனால் பயன் உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு அந்த வழியில் என்னால் உறுதியாக ஆம் என்று சொல்ல முடியாது.

இனிப் படிப்பு. பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. பேச்சுப் போட்டிச் சான்றிதழ் அந்தப் புள்ளியில் ஒரு தசமத்தையும் கூட்டாது. படிப்புக்குப் புறம்பான துறைகளில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்கு ஒரு சிறிய விசேட ஒதுக்கீடு இருக்கிறது என்றாலும், அதை நம்பி எந்தப் பிள்ளையையும் போட்டிக்கு அனுப்பக்கூடாது. புலமைப்பரிசில் எழுதும் ஆண்டிலும், சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களிலும் பெற்றோர் தயங்குவது எனக்கு விளங்குகிறது. தரம் 8 அப்படியான ஆண்டு அல்ல. இழப்பு உண்மையில் எங்கே ஏற்படுகிறதென்றால், கணித பாடவேளையில் பிள்ளையை வகுப்பிலிருந்து கூப்பிட்டு ஒத்திகை வைப்பதில்தான். அதை நாங்கள் ஆசிரியர்கள் செய்கிறோம், செய்யக்கூடாது. பாடசாலை விட்டபின் முக்கால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் மரியாதையாகக் கேட்கலாம், பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். ரியூசன் இரண்டு கிழமை தவறினால், தோழியின் கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதினால் போதும். ரியூட்டரி நடத்துபவர் வேறுமாதிரிச் சொல்வார். அவருடைய கவலை அவருக்கு.

தமிழ்த்தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம் என்று ஏறி, மாகாணம் கடந்து தேசிய மட்டத்தில் முடிகிறது. ஒவ்வொரு படியிலும் முதலிடம் பெற்றவர்தான் மேலே போவார். ஆகவே பங்குபற்றும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஒரு படியில் தோற்றுத்தான் வீடு திரும்புகிறார்கள். இந்தக் கணக்கை மகளுக்கு முன்னரே சொல்லிவையுங்கள். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. இந்த ஏணியில் ஏறுவது ஐந்துக்கும் ஒரே பாடு அல்ல. நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம் படகில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, உப்புக்காற்று உறைந்த முகத்தோடு மேடையேறுவாள்; திரும்பும் படகு போய்விடுமோ என்று கூடவந்த ஆசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார். அப்படி வந்த ஒரு சிறுமி கடல் கொந்தளித்த நாளில் பாடசாலைக்கு ஆசிரியர்கள் வந்துசேர முடியாமற் போனதைப் பற்றிப் பேசினாள். ஒரு குறளும் இல்லை, ஒரு கையசைவும் இல்லை. அன்று நான் கொடுத்த அதிகூடிய புள்ளி அவளுக்குத்தான்; மற்ற இரு நடுவர்களும் உடன்படாததால் இரண்டாமிடமே கிடைத்தது. எனக்கு இன்னும் அந்த முடிவில் திருப்தி இல்லை.

மேடைப் பயம் நீங்காவிட்டால், போட்டி என்றாலே பேச்சு என்று நினைக்கவேண்டாம். கட்டுரை, சிறுகதை, கவிதை ஆக்கம் போன்ற எழுத்துப் போட்டிகளில், நான் எழுதிய நாளிலும் இப்போதும், தலைப்பு மண்டபத்தில்தான் கைக்கு வருகிறது. அங்கே யாருடைய பிரதியும் உதவாது. நான் வாயடைத்து நின்றதற்கு அடுத்த ஆண்டு கட்டுரைக்குப் போனேன். மழை என்று தலைப்பு வந்தது. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும்போது அம்மம்மா எந்த இடத்துக்கு எந்தப் பாத்திரம் வைப்பார் என்பதை எழுதினேன். மூன்றாமிடம். அதோடு சரி, மேலே போகவில்லை. வில்லிசை, நாடகம், குழு இசை ஆகியவற்றிலும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொள்வார்கள். விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடியாது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் கோலூன்றிப் பாய்தலைப் பழகிய அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையையே பலமுறை புதுப்பித்தார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தி விடுகிறேன்.

பாடசாலைகள் எல்லாப் போட்டிக்கும் அதே ஐந்தாறு பிள்ளைகளையே அனுப்புகின்றன என்பது எனக்கு நெடுநாட் கவலை. குரல் எடுப்பான பிள்ளையை முதலாம் வகுப்பிலேயே பிடித்துவிடுகிறோம். பிறகு பதின்மூன்றாம் வகுப்புவரை அவளேதான். உங்கள் மகள் பயந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். பயந்த பிள்ளையை ஒரு பாடசாலை தெரிவுசெய்தது என்றால், யாரோ ஒரு ஆசிரியர் அவளைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அனுப்புவேன்.

முடிவு வந்தபின், நடுவர் பக்கச்சார்பு என்று பிள்ளையின் முன்னால் சொல்லவேண்டாம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். மேன்முறையீடு செய்ய விரும்பினால் பொறுப்பாசிரியர் ஊடாக எழுத்தில் செய்யுங்கள். முகநூலில் செய்யாதீர்கள். பிள்ளைக்கு அன்று வேண்டியது ஒரு குளிர்களி, அவ்வளவுதான்.

இன்னொன்று. போட்டி நாளில் மதியச் சாப்பாடும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு என்று கடிதத்தில் இருக்கும். பேச்சுப் போட்டி தொடங்கப் பெரும்பாலும் பதினொரு மணியாகும், உங்கள் மகளின் இலக்கம் வரும்போது இரண்டு மணி.