ரெய்டு கார்டு செத்தால் டேட்டா பிழைக்குமா? – கேள்வி பதில்

ரெய்டு 5 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தங்கும் முறை) போட்டிருக்கிறோம், ஸ்பேர் டிஸ்க்கும் இருக்கிறது. இன்னும் என்ன பயம் சார்?

டிஸ்க் போனால் பயமில்லை. ஆனால் எல்லா டிஸ்க்கும் ஒரே ரெய்டு கார்டில்தானே (டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) தொங்குகின்றன? அது போனால் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்துவிடும். ஸ்பேர் டிஸ்க் அங்கே உதவாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எட்டு டிஸ்க்கும் நல்லபடியாக இருந்தும், அதே மாடல் கார்டு கிடைக்காமல் நான்கு நாள் வேலை முடங்கியது.

வேறு கம்பெனி கார்டு மாட்டினால் படிக்காதா?

பெரும்பாலும் படிக்காது. டிஸ்க் வரிசை, ஸ்ட்ரைப் அளவு (டேட்டாவைத் துண்டாக்கி டிஸ்க்குகளில் பரப்பும் அளவு) போன்ற விவரங்களை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் பாணியில் டிஸ்க்கில் எழுதுகிறார். அதே குடும்பக் கார்டு என்றால் 'ஃபாரின் கான்ஃபிக்' (வேறு கார்டில் அமைத்தது) என்று காட்டும், இம்போர்ட் கொடுங்கள். 'கிளியர்', 'இனிஷியலைஸ்' பக்கம் கை போகவே கூடாது. பழைய கார்டின் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்), டிஸ்க்கில் எழுதாமல் நின்ற டேட்டா போயிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

புது சர்வர் வாங்குகிறோம் அண்ணா. எப்படி அமைக்கலாம்?

ரெய்டு கார்டே வேண்டாம். டிஸ்க்கை உள்ளபடி சிஸ்டத்துக்குக் காட்டும் சாதாரண எச்பிஏ கார்டு போட்டு, லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு அல்லது இசட்எஃப்எஸ் (ரெய்டு வேலையையும் தானே செய்யும் ஃபைல் சிஸ்டம்) வையுங்கள். டிஸ்க்குகள் எப்படிச் சேர்ந்தவை என்ற குறிப்பு அவற்றிலேயே இருக்கும். கழற்றி வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் எழுந்துவிடும். பழைய மெஷினில் முறையாக எக்ஸ்போர்ட் செய்து விடுவிக்காத இசட்எஃப்எஸ் பூலுக்கு (டிஸ்க்குகளின் தொகுப்புக்கு) இம்போர்ட்டில் ஃபோர்ஸ் கொடுக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான்.

அடுத்தது வேலை நிற்காமல் ஓடுவது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2006-இல் வெளியிட்ட எக்ஸ்4500 சர்வரில் 48 டிஸ்க்குகள். அவற்றுக்கு 8 போர்ட் கன்ட்ரோலர்கள் 6. கன்ட்ரோலருக்கு ஒரு டிஸ்க் வீதம் எடுத்து ஆறு டிஸ்க் ரெய்டு-இசட் (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் இசட்எஃப்எஸ் ரெய்டு) குழு அமைத்தால், ஒரு கன்ட்ரோலர் முழுதாகச் செத்தாலும் குழுவுக்கு ஒரு டிஸ்க்தான் நஷ்டம். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. உங்கள் கணக்கும் இதுதான்: குழு எத்தனை டிஸ்க் இழப்பைத் தாங்குமோ, அதற்கு மேல் ஒரே கார்டில் மாட்டாதீர்கள். மிரர் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும்) என்றால் ஜோடியில் ஒன்று இந்தக் கார்டில், மற்றது அந்தக் கார்டில்.

இரண்டு கார்டுக்குப் பட்ஜெட் இல்லையே?

மிரரின் ஒரு பாதியை மதர்போர்டிலேயே உள்ள சாட்டா (சாதாரண டிஸ்க் இணைப்பு) போர்ட்டில் மாட்டுங்கள்.

எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க்கில் இரண்டு போர்ட் உண்டாமே?

உண்டு. பேக்பிளேனும் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை) இரண்டு வழி தருவதாக இருந்தால், ஒரே டிஸ்க்கை இரு கார்டும் பார்க்கும், மல்டிபாத் (ஒரு வழி போனால் மறு வழி) அமைக்கலாம். சாட்டா டிஸ்க்குக்கு ஒரே போர்ட்தான்.

இவ்வளவும் செய்தால் பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும், கட்டாயம் வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் கார்டு குப்பையை எழுதலாம். இசட்எஃப்எஸ் செக்சம் (டேட்டா மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அதைக் கண்டுபிடிக்கும். நல்ல பிரதி மிச்சம் இல்லையென்றால் திருத்த முடியாது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேட்டா ஏற்றும் முன் சர்வரை அணைத்து, ஒரு கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பூல் 'டிகிரேடட்' (டிஸ்க் குறைந்த நிலை) என்று காட்டி ஓட வேண்டும். பிறகு அதைத் திரும்ப மாட்டி, பூல் சரியானதும் அடுத்த கார்டைக் கழற்றிப் பாருங்கள். பலருக்கு இங்கேதான் பூட் ஆகாது: பூட் லோடரை (சிஸ்டத்தைத் தொடங்கும் நிரலை) ஒரு டிஸ்க்கில் மட்டும் போட்டிருப்பார்கள்.