பழைய கன்வர்ட்டிபிள் (கூரையை மடித்துத் திறக்கும்) காரைப் புதுப்பிக்கும்போது வடிகால் துளைகளை ஏன் அடைக்கக் கூடாது?

கதவின் அடி விளிம்பிலும், கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு அடிச்சட்டத்திலும் இருக்கும் சின்ன ஓட்டைகள்தான் வடிகால் துளைகள். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் எப்படியும் இறங்கும்; அது வெளியேறும் வழி இவைதான். பூந்தொட்டியின் அடி ஓட்டை அடைபட்டால் வேர் அழுகுமே, அதுபோல இங்கே தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நிலையான கூரை இல்லாததால் பல மாடல்களில் வண்டியின் பலமே அந்த அடிச்சட்டத்தில்தான். அது அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு சரியாகச் சாத்தாது.

பெயிண்ட் காய்ந்ததும் ஒவ்வொரு துளையையும் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள் (புதுப் பெயிண்டே அடைத்திருக்கும்!). பிறகு இடுக்கில் ஒரு குவளை நீர் ஊற்றினால் அடியில் ஒழுக வேண்டும்.

ஓட்டை வழியாகத்தான் நீர் ஏறுகிறது என்று சிலிக்கோன் பசை பூசி அடைப்பவர்கள் உண்டு. நீர் வருவது மேலிருந்து.